ஏகமனதாக நிறைவேறிய பொந்து

மனித குலம் இதுவரை கண்டுபிடித்தவற்றுள் தலைசிறந்தது, ஒன்றுமே இல்லாத ஓர் இடம். நெருப்பு, சக்கரம், மின்சாரம் எல்லாம் அதற்குப் பின்னால்தான் வரிசையில் நிற்கவேண்டும். அந்த இடத்தைக் கண்டுபிடித்த பெருமை புரத ஆராய்ச்சி நிலையத்தையே சேரும். நாலு மாடி, ஏழு குழுக்கள், இரண்டு லிஃப்ட். அதில் ஒன்று ஓடும். அங்கே உள்ள படித்தவர்கள் பதினோரு வருஷம் கூடிக்கூடிப் பேசி, ஒரு புரதத்தின் வயிற்றுக்குள் ஒரு பொந்து இருப்பதாக அறிவித்தார்கள். ஒன்றுமில்லாததைக் கண்டுபிடிக்க இத்தனை பேர் எதற்கு என்று கேட்கிறவன் எந்த ஆபீசுக்குள்ளும் போய்வந்தவனாக இருக்கமாட்டான்.

அந்தப் பெருமைக்குத் திருஷ்டிப்பொட்டு மாதிரி வந்து வாய்த்தவர் பிட்டர். கீழ்த்தளத்துப் பட்டறையில் இருந்தார். குழாய் ஒழுகினாலும் கதவுக்கீல் கழன்றாலும் குளிர்பெட்டி இரைந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். எட்டாவதோடு படிப்பை முடித்துக்கொண்டவர். அதனால் ஒரு சாமானை அதன் இடத்தில் பொருத்திப் பார்த்து, பொருந்தினால் மட்டுமே பொருந்தியது என்று நம்புகிற கெட்ட பழக்கம் அவரிடம் இருந்தது. படிப்பு அந்தப் பழக்கத்தைப் போக்கியிருக்கும்.

ஒருநாள் இயக்குநர் அவரை நாலாவது மாடிக்கு வரச்சொன்னார். பக்கத்தில் துணை இயக்குநர் நின்றுகொண்டிருந்தார். ஊழியர்கள் அவரை ஆமாஞ்சாமி என்பார்கள். அந்தத் தகுதியை வைத்துத்தான் அவர் துணை இயக்குநரானார் என்பதால் அதைப் பட்டப்பெயர் என்று சொல்வதைவிடப் பட்டம் என்று சொல்வதே முறை.

"பிட்டர், புரதம்னா என்னன்னு தெரியுமா உமக்கு?" என்றார் இயக்குநர்.

"சத்து மாவு டப்பாவுல போட்டிருக்கும் சார்."

"அது இல்ல. நல்லாக் கேட்டுக்கும். ஒரு நீளச் சங்கிலி. ஒவ்வொரு கண்ணியும் ஒரு அமினோ அமிலம். ஒவ்வொரு கண்ணியிலேர்ந்தும் பக்கவாட்டுல ஒரு கிளை நீட்டிட்டு இருக்கும். அதுதான் பக்கச் சங்கிலி. சிலது சின்னது, சிலது பெரிசு. இந்த நீளச் சங்கிலி தானாவே சுருண்டு மடங்கி உருண்டையாயிடும். எண்ணெய்ப்பசை உள்ள பக்கச் சங்கிலிக்குத் தண்ணி ஆகாது. அதெல்லாம் உள்ள போய் நெருக்கியடிச்சு உட்காந்துக்கும்."

"மழை வந்தா பஸ்ஸுக்குள்ள ஏறுற மாதிரி."

"பஸ் இல்லய்யா. விஞ்ஞானம்."

"ஆமாம், விஞ்ஞானம்," என்றார் ஆமாஞ்சாமி.

"அந்த நெரிசலுக்கு நடுவுல நாங்க ஒரு பொந்து கண்டுபிடிச்சிருக்கோம். நம்ம மருந்து அதுல போய் உட்காரும். உட்காந்தா வியாதி நிக்கும்."

பிட்டர் தலையைச் சொறிந்தார். "படிக்கட்டுல தொங்கிட்டுப் போற பஸ்ஸுல நடு சீட்டு மட்டும் காலியா இருக்கு, அப்படித்தானே சார்? யாராவது உட்காந்திருக்கமாட்டாங்க?"

இயக்குநர் சிரித்தார். படிக்காதவர்களைப் பார்த்துச் சிரிப்பதற்கென்று அவர் தனியாக ஒரு சிரிப்பு வைத்திருந்தார். பிறகு வேலையைச் சொன்னார். மருந்தை வெளியிடும் விழா இரண்டு மாதத்தில் வருகிறது. மேடையில் வைக்க அந்தப் புரதத்துக்கு ஆள் உயரத்தில் ஒரு மாடல் வேண்டும். கம்பியும், அணுவுக்கு ஒன்று வீதம் கறுப்பு பிளாஸ்டிக் உருண்டையும் வந்துவிட்டன. எந்த உருண்டை எங்கே நிற்கவேண்டும் என்பதற்குக் கம்ப்யூட்டர் எண்களை அச்சடித்துக் கொடுக்கும். சிறப்பு விருந்தினர் வந்து, எலுமிச்சம்பழம் அளவில் ஒரு மஞ்சள் துண்டை, அதுதான் மருந்து, பொந்தில் வைப்பார். கைதட்டல்.

பிட்டர் சரி என்றார். மனசுக்குள் கொஞ்சம் சந்தோஷமும் பட்டார். காரணம், அந்த வியாதி அவருடைய தங்கச்சிக்கு இருந்தது. விரல் விறைத்துக்கொண்டே வரும் வியாதி. அவள் ஒரு செருப்புக் கடையில் வேலை பார்க்கிறாள். அவள் தினமும் சாப்பிடும் பழைய மாத்திரை வியாதியைக் குணப்படுத்தாது. இருக்கிற இடத்தில் பிடித்து நிறுத்திவைக்கும், அவ்வளவுதான். அதை நிறுத்தினால் மூன்று வாரத்தில் விரல் விறைக்கும், விறைத்த விரல் திரும்ப வராது என்று டாக்டர் சொல்லியிருந்தார். புதிய மருந்தை முதலில் பன்னிரண்டு பேருக்குக் கொடுப்பதாக ஏற்பாடு. பழைய மாத்திரையை ஒப்படைத்துவிட்டால்தான் புதியதைத் தருவார்கள். அந்தப் பன்னிரண்டில் தங்கச்சிக்கு ஓர் இடம் வாங்க ஒரு மாதம் மாடி மாடியாக ஏறி இறங்கியவர் பிட்டர்தான்.

ஆகவே வெகு சிரத்தையாகக் கட்டினார். எண்ணைப் பார்ப்பார், கம்பியை வளைப்பார், உருண்டையைத் திருகுவார். பக்கச் சங்கிலிகளுக்கு அவராகவே பெயர் வைத்துக்கொண்டார். கவண்கட்டை மாதிரி இரண்டாகப் பிரிவது கவட்டை. இரண்டு வளையம் ஒட்டிக்கொண்டு எல்லாவற்றிலும் பெரியதாக இருப்பது குண்டன். ஆறு வாரத்தில் உள்பக்கம் நிறைந்தது. இயக்குநர் தம் புத்தகத்தில் எழுதியிருந்தபடி அளவெடுத்து வெட்டிய புதிர்ப்படத் துண்டுகள் மாதிரி அது இல்லை. ஆணியும் போல்ட்டும் போட்டுக் குலுக்கிய டப்பா மாதிரி இருந்தது. ஒன்றின் இடுக்கில் ஒன்று புகுந்து, இனி அசையாது என்று நிற்கும் வரை நெருங்கியிருந்தது. அங்கங்கே கடுகு போகிற சந்து இருந்தது. எலுமிச்சம்பழம் போகிற சந்து ஒன்றே ஒன்றுதான். அந்தப் பொந்து.

கடைசியாக மிச்சமிருந்த நாற்பத்தேழாம் கண்ணியின் கிளைக்கு வந்தபோதுதான் வம்பு. அது ஒரு குண்டன். தாளில் சொன்ன இடத்தில் அதை நிறுத்தப்போனால், பக்கத்தில் நின்ற நூற்றிரண்டாம் கண்ணியின் கவட்டை இடித்தது. எண்ணைத் திரும்பப் பார்த்தார். எண் சரி. வெர்னியர் வைத்து அளந்தார். அளவு சரி. தாளின்படி குண்டனின் பாதி உடம்பு கவட்டையின் உடம்புக்குள்ளேயே இருக்கவேண்டும். ஒரே இடத்தில் இரண்டு உருண்டை. தாளில் அது வந்துவிடும். பிளாஸ்டிக்கில் வராது.

குண்டனைக் கம்பியோடு மெள்ளத் திருப்பினார். அது நினைத்த இடத்திலெல்லாம் நிற்காது; மூன்றே மூன்று நிலையில்தான் நிற்கும். முதல் நிலை, கவட்டை மேல் ஏறுகிறது. இரண்டாவது, முதுகெலும்பு மாதிரி ஓடும் நீளச் சங்கிலியிலேயே முட்டுகிறது. மூன்றாவது நிலைக்குத் திருப்பினார். டக்கென்று உள்ளே போய் உட்கார்ந்தது. அவ்வளவு பொருத்தம். உட்கார்ந்த இடம், பொந்து.

பிட்டர் மஞ்சள் துண்டை எடுத்து மேலும் கீழும் வைத்துப் பார்த்தார். இனி அதற்கு எங்கேயும் இடம் இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். நடு சீட்டில் ஆள் இருக்கிறான்.

எழுந்து நேராக மூன்றாவது மாடிக்குப் போனார். கம்ப்யூட்டர்காரர் காதில் பாட்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிட்டர் அதைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"தம்பி, நாப்பத்தேழும் நூத்திரண்டும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு நிக்குது. உங்க பெட்டி அதைச் சொல்லலையா?"

"சொல்லும்ணே. ரெண்டு அணு மோதினா எச்சரிக்கை வரும். சிவப்பு லைட்டு, கூடவே பீப்பீன்னு ஒரு சத்தம். முதல் நாளே முந்நூறு தடவை கத்துச்சு."

"அப்புறம்?"

"இயக்குநர் ரூம் நேர் மேல. சுற்றறிக்கை வந்துருச்சு."

சுற்றறிக்கையைச் சுவரில் ஒட்டிவைத்திருந்தார். பிட்டர் எழுத்துக்கூட்டிப் படித்தார். 'அலுவலக நேரத்தில், ஆராய்ச்சிக்குரிய அமைதியைக் குலைக்கும் விதமாக அணுக்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்வது நிலையத்தின் கவனத்துக்கு வந்துள்ளது. இது உடனடியாக நிறுத்தப்பட வேண்டும்.'

"நிறுத்திட்டீங்களா?"

"எச்சரிக்கையையே அணைச்சுட்டேன். மறுநாள்லேர்ந்து மோதல் பூஜ்யம். கட்டுரையிலயும் அப்படித்தான் போட்டோம். மோதல்கள் ஏதும் காணப்படவில்லை."

"பாக்கலைன்னா காணாது."

"அண்ணே, எனக்கு இந்தச் சீட்டு போன வருஷந்தான் கிடைச்சது."

"சரி. குண்டனை எதுக்கு இந்தப் பக்கம் திருப்பினீங்க? அந்தப் பக்கம் சும்மா ஜம்முனு உட்காருதே."

கம்ப்யூட்டர்காரர் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "எக்ஸ்ரே படத்துல அந்த இடம் கலங்கலா இருந்துச்சு. அது எந்தப் பக்கம் திரும்பியிருக்குன்னு தெரியல. இயக்குநர்கிட்டயே கேட்டேன். 'நம்ம மருந்து எந்தப் பக்கம் உட்காரணும்'னு கேட்டாரு. இந்தப் பக்கம்னேன். 'அப்ப அது அந்தப் பக்கம்'னாரு."

"மருந்து முன்னாடியே இருந்துச்சா?"

"மருந்து ஆறு வருஷமா இருக்குண்ணே. அது உட்கார ஒரு இடம்தான் இல்லாம இருந்துச்சு."

அன்று மத்தியானம் பிட்டர் செருப்புக் கடைக்குப் போனார். தங்கச்சி முக்காலியில் உட்கார்ந்து ஒரு பெரிய மனிதரின் காலை மடியில் வைத்து, கொக்கியை மாட்டிக்கொண்டிருந்தாள். மூன்றாவது தடவைதான் மாட்டியது. அந்த ஆள் போகிறவரைக்கும் பிட்டர் ஓரமாக நின்றார்.

"அந்த மருந்து வேணாம்மா உனக்கு."

"என்ன அண்ணே திடீர்னு? படிவத்தைக் கொண்டாந்தது நீ. போடு போடுன்னு கையெழுத்து வாங்கினது நீ."

"அது போய் உட்கார இடமில்ல. நான் கட்டிப் பாத்துட்டேன். உருண்டை இடிக்குது."

"என்ன உருண்டை?"

பிட்டர் விளக்கினார். குண்டன், கவட்டை, மூன்றாவது நிலை எல்லாம் சொன்னார். தங்கச்சி ஒற்றைச் செருப்புகளை ஜோடி சேர்த்துக்கொண்டே கேட்டாள்.

"நீ பிளாஸ்டிக் உருண்டைய வச்சுச் சொல்ற. அவங்க கம்ப்யூட்டர்ல பாத்திருக்காங்க."

"கம்ப்யூட்டர் வாயைக் கட்டிப் போட்டிருக்காங்கம்மா."

"உனக்கு எவன் மேலதான் நம்பிக்கை இருந்துச்சு? பால்காரன் தண்ணி ஊத்துறான், தையக்காரன் துணி திருடுறான், என்னைப் பொண்ணு பாக்க வந்தவங்க அத்தனை பேரும் பிராடு. அதான் நான் இப்படியே நிக்குறேன்."

"அதுல ரெண்டு பேரு பிராடுதான்."

"மத்த நாலு பேரு?"

பிட்டர் ஓர் ஒற்றைச் செருப்பை எடுத்து அதன் ஜோடியைத் தேடினார்.

"இருபது வருஷமா அடுத்தவங்க காலைப் பிடிச்சு வயித்தைக் கழுவுறேன்," என்றாள் தங்கச்சி. "இந்தப் பழைய மாத்திரை எத்தனை நாளைக்குப் பிடிச்சு நிறுத்தும்? ஒரு வழி வருதுன்னா நான் போறேன். நீ தடுக்காத."

பிட்டர் ஒரு கடிதம் எழுதி மேலே அனுப்பினார். நாலே வரி. உருண்டை இடிக்கிறது, திருப்பினால் பொந்து இல்லை, மருந்தை யாருக்கும் கொடுக்கவேண்டாம், இப்படிக்கு. நிலையம் அந்தக் கடிதத்துக்குக் கொடுத்த மரியாதையைச் சொல்லியாகவேண்டும். வேறு இடமாக இருந்தால் குப்பையில் போட்டிருப்பார்கள். இங்கே அதற்காகவே எட்டாவதாக ஒரு குழு போட்டார்கள். 'உருண்டை ஒழுங்குக் குழு' என்று பெயர். மூன்று நாள் கூடியது. பிட்டரையும் கூப்பிட்டார்கள், கதவோரம் நிற்பதற்கு.

"இந்த உருண்டைங்களை யார் வாங்கினது?" என்று இயக்குநர் விசாரணையைத் தொடங்கினார்.

"கொள்முதல் பிரிவு," என்றார் ஆமாஞ்சாமி.

"எவ்வளவு உருண்டையா இருக்கணும்னு அவங்களுக்குச் சொன்னோமா?"

"உருண்டைன்னு மட்டும்தான் சொன்னோம்."

"அதான். தேவைக்கு மேல உருண்டையா வாங்கிட்டாங்க."

பிட்டர் தொண்டையைக் கனைத்தார். "சார், அணுவோட அளவு நீங்க குடுத்ததுதான். அந்த அளவுக்குத்தான் உருண்டையும் வந்திருக்கு. ஒரு உருண்டை நிக்கிற இடத்துல இன்னொண்ணு எப்படி சார் நிக்கும்?"

"பிட்டர், இந்த அறையில எத்தனை பேர் இருக்கோம்?"

"ஒம்பது பேர் சார்."

"எத்தனை கருத்து?"

பிட்டர் சுற்றிலும் பார்த்தார். "ஒண்ணுதான் சார்."

"பாத்தீங்களா? ஒம்பது பேர் ஒரே இடத்துல நிக்கிறோம். மனசு வச்சா முடியும்."

"ஆமாம்," என்றார் ஆமாஞ்சாமி, கண் கலங்கி.

"பரிசோதனையைக் கொஞ்சம் தள்ளியாவது வைங்க சார். பன்னெண்டு பேரு பழைய மாத்திரையை நிறுத்தப்போறாங்க."

"அழைப்பிதழ் அச்சாயிடுச்சு," என்றார் இயக்குநர். அதற்கு மேல் விஞ்ஞானத்தில் பேச ஒன்றுமில்லை.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. ஒன்று, பொந்து இருக்கிறது. இரண்டு, நாற்பத்தேழாம் எண்ணிலும் நூற்றிரண்டாம் எண்ணிலும் உள்ள உருண்டைகள் வரம்பு மீறி நடந்துகொள்வதால், வரம்பு மீறிய பகுதியை அறுத்து நீக்கவேண்டும். அறுப்பவர், பிட்டர்.

பிட்டர் உத்தரவோடு பட்டறைக்குத் திரும்பினார். முடியாது என்று சொல்லலாம். சொன்னால் வெளியிலிருந்து ஒருவனைக் கூப்பிடுவார்கள். அவன் அறுத்து, அரம் போட்டு இழைத்து, மேலே கறுப்புச் சாயமும் அடித்து வைத்துவிடுவான். அறுத்த சுவடே தெரியாது. உத்தரவை இன்னொரு தடவை படித்தார். அறுக்கவேண்டும் என்று இருந்தது. இழைக்கவேண்டும் என்று இல்லை. சாயம் என்ற பேச்சே இல்லை. கறுப்பு உருண்டைக்கு உள்ளே பிளாஸ்டிக் வெள்ளை. வைஸில் வைத்து இறுக்கினார், ஆக்ஸா பிளேடால் நடுவாக அறுத்தார், பிசிறுகூட எடுக்காமல் அப்படியே மாட்டினார். நிலையத்தில் ஓர் உத்தரவு எழுத்துக்கு எழுத்து நிறைவேறியது அதுவே முதல் தடவை.

விழா தீர்மானித்தபடி நடந்தது. பன்னிரண்டு நோயாளிகளும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு பழைய மாத்திரை டப்பா மடியில். மேடையில் ஒரு தட்டு. டப்பாவைத் தட்டில் வைத்துவிட்டுப் புதிய மருந்தை வாங்கிக்கொள்ள வேண்டியது. சிறப்பு விருந்தினர் மஞ்சள் துண்டைப் பொந்தில் வைத்தார். சரியாகப் போய் உட்கார்ந்தது. மண்டபம் கைதட்டியது. இயக்குநர் மைக்கில் பேசினார்: "இயற்கை அளவெடுத்து வெட்டி வச்ச மாதிரி எவ்வளவு பொருத்தம்னு நீங்களே பாருங்க."

வெட்டியவர் மாடலுக்குப் பின்னால் ஸ்பேனரோடு நின்றுகொண்டிருந்தார்.

முதல் பெயர் தங்கச்சி. அவள் ஏறிவந்து டப்பாவைத் தட்டில் வைத்தாள். போட்டோவுக்காக மாடலைத் தொட்டபடி நிற்கச் சொன்னார்கள். அளவும் பொருத்தமும் பார்த்தே இருபது வருஷம் பிழைத்தவள். கை தொட்ட இடத்தைக் கண்ணும் பார்த்தது. அத்தனை கறுப்பு உருண்டைக்கு நடுவில் வெள்ளையாக, தட்டையாக, ரம்பப் பல் தடத்தோடு ஓர் இடம்.

"அண்ணே," என்றாள். மைக் திறந்தே இருந்தது. "இது ரெண்டு மட்டும் ஏன் பாதியா இருக்கு?"

"அறுத்தது."

"யாரு அறுத்தது?"

"நான்தான்."

"எதுக்கு?"

"அறுக்கலைன்னா மருந்து உள்ள போகாது."

இயக்குநர் அந்தச் சிரிப்பைச் சிரித்தபடி நடுவில் புகுந்தார். "அது மாடலுக்கு மட்டும்தாம்மா. ஒரு சின்ன சௌகரியத்துக்காக."

தங்கச்சி அவரைப் பார்த்தாள், உருண்டையைப் பார்த்தாள். "இதை எங்கண்ணன் பிளேடு வச்சு அறுத்துட்டாரு சார். என் உடம்புக்குள்ள இருக்கறதை யாரு வந்து அறுப்பாங்க?"

மண்டபத்தில் ஈ பறந்தால் கேட்கும். அந்த அமைதியைத் தாங்கமுடியாமல் ஆமாஞ்சாமி, "ஆமாம்," என்றார்.

தங்கச்சி தட்டிலிருந்து தன் டப்பாவை எடுத்துக்கொண்டாள். விரல் ஒத்துழைக்காமல் அது ஒருமுறை நழுவியது, பிட்டர் எடுத்துக்கொடுத்தார். இரண்டு பேரும் படியிறங்கிப் போனார்கள். முன்வரிசையில் இன்னும் இரண்டு பேர் எழுந்து பின்னாலேயே வந்தார்கள். மற்ற ஒன்பது பேரும் இருந்தார்கள். நாலு மாடிக் கட்டடம் பொய் சொல்லுமா என்று அவர்கள் நினைத்ததில் தப்பில்லை. இயக்குநர் கைகூப்பி மன்னிப்புக் கேட்டு விழாவைத் தொடர்ந்தார். மறுநாள் பிட்டரின் பட்டறைக்கு வேறு பூட்டுப் போட்டார்கள்.

ஆறு மாதம் கழித்து நிலையம் ஓர் அறிக்கை வெளியிட்டது. மருந்து முழு வெற்றி என்று அதில் இருந்தது. அது உண்மைதான், மஞ்சள் துண்டு இன்றைக்கும் வரவேற்பறை மாடலில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது, போகிற வருகிறவர்கள் பார்க்கலாம். ஒன்பது நோயாளிகளின் உடம்பிலுள்ள புரதங்கள் மாடலை முறையாகப் பின்பற்றத் தவறியது பற்றி மட்டும் குழு ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தது. நிலையம் எப்போதும் பெருந்தன்மையானது. அந்த வருத்தத்தைத் தனித்தனிக் கடிதமாக அச்சடித்து, ஒன்பது பேருக்கும் பதிவுத் தபாலில் அனுப்பிவைத்தது.

ஒன்பதும் திரும்பி வந்துவிட்டன. 'நோயாளிகள் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்திட முன்வரவில்லை' என்று கோப்பில் குறித்துக்கொண்டார்கள். தபால்காரர் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பேனாவை நீட்டிக்கொண்டு காத்துத்தான் நின்றிருக்கிறார். அதைப் பிடிக்க அந்த ஒன்பது பேரில் ஒருவருக்கும் விரல் மடங்கவில்லை.